இரண்டு மதிப்பெண்

குரூப் ஃபோருக்கு மூன்று தடவை படித்தேன்.
ஜார்கண்ட்: இரண்டாயிரம், நவம்பர் பதினைந்து.
தலைநகர் ராஞ்சி. நிலக்கரிக்கு ஜாரியா,
மைக்காவுக்குக் கோடர்மா, யுரேனியத்துக்கு ஜாதுகுடா,
இரும்புக்கு நோவாமுண்டி.
பல் துலக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தேன்.
மூன்று தடவையும் அந்தக் கேள்வி வரவில்லை.

வந்தது பிறகு, ஜூன் மழையில்,
பதினோரு பேராக,
தன்பாத் ரயிலில் கோயம்புத்தூர் வரைக்கும்,
அப்புறம் மேட்டுப்பாளையம், அப்புறம் வாந்தி,
அப்புறம் கீழ்க்கோத்தகிரி.
நான் எஸ்டேட்டில் செக்ரோல் எழுதுகிறவன்.
ஸ்டேஷனுக்கு அனுப்பும் படிவத்தில்
பெயர், தகப்பன் பெயர், மாவட்டம்.
மேற்கு சிங்பூம் என்று லட்சுமண் சிங்கு சொன்னதும்
"இரும்பு" என்றேன், என்னை அறியாமல்.
திருப்பூரில் நாலு வருஷம் தமிழ் கேட்டவன் அவன்.
"ஆமாண்ணா, இரும்பு" என்றான்,
தன் வீட்டில் புகுந்த திருடனின் பெயரை
வெளியூர்க்காரன் சரியாகச் சொல்லிவிட்டதுபோல்.

அடுத்த பெயர் சோம்பாரி பூர்த்தி.
ஆபீசே சிரித்தது.
சோம்பேறியா? பேரிலேயே போட்டுட்டாங்களா?
கண்டாக்கு டேவிட்ராஜுக்குக் கண்ணில் தண்ணீர்.
திங்கட்கிழமை பிறந்தவள்ணா, என்றான் லட்சுமண்.
சோமவாரம். நமக்கும் அதே கிழமைதான்.
சொல்லியும் சிரிப்பு நிற்கவில்லை.
ஆகஸ்டில் அதை நிறுத்தியது தராசு:
நாற்பத்தேழு கிலோ, வெறும் கையால்.

ஏழாம் நம்பர் காட்டில், தேயிலைக்கு நடுவே
மூன்று பலகைக் கல் நிற்கிறது,
மேலே ஒன்று மூடியிருக்கிறது.
யார் வைத்தது என்று எஸ்டேட் வரைபடத்தில் இல்லை.
"இடைஞ்சல்" என்று மட்டும் பென்சிலில் ஒரு சொல்.
இருளர் பெண்கள் செருப்பைக் கழற்றிச் சுற்றிப் போவார்கள்.
சோம்பாரி நின்றாள். பையை இறக்கினாள்.
சாசன்திரி, என்றாள்.
எனக்குச் சாசனம் என்று கேட்டது.

தப்பாகக் கேட்கவில்லை போலிருக்கிறது.
எங்க ஊர்ல செத்தவங்க எலும்பு மேல
இப்படித்தாண்ணா கல்லு.
வேற பட்டா கிடையாது, கல்லுதான் பட்டா.
கம்பெனிக்காரங்க பேப்பர் கேட்டாங்க.
கல்லைத் தூக்கிட்டு ஆபீசுக்குப் போக முடியுமா?

அவள் பேசிக்கொண்டே போனாள்.
லட்சுமண் பாதியைத்தான் சொன்னான்:
ஊருக்குக் கிழக்கே ஒரு மலை இருந்தது, இப்போது அரை மலை.
மழை பெய்தால் ஓடை சிவப்பு, வடித்த சோறு சிவப்பு.
வெள்ளை நாய் ஒன்று வளர்த்தார்கள்,
அது வெள்ளை என்பது வீட்டுக்காரர்களுக்கு மட்டும் தெரியும்.
மீதிப் பாதிக்கு அவனிடம் தமிழ் இல்லையோ,
மனசு இல்லையோ.

தை கடைசியில் பதினோரு பேரும் லீவு கேட்டார்கள்.
மாகே பரவ்.
காரணம் என்ற கட்டத்தில் எதை எழுதுவது?
"பொங்கல் மாதிரி" என்று எழுதினேன்.
துரை ஆறு பேருக்குக் கையெழுத்துப் போட்டார்.
சோம்பாரி மீதி ஐவரில் ஒருத்தி.

அன்று சாயங்காலம் மண்சரிந்த இடத்தில் உட்கார்ந்து
இந்தச் சிவப்பு மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்தாள்.
இப்போது அவளுக்கே கொஞ்சம் தமிழ் வரும்.
"கீழே என்ன இருக்கு?"
ஒன்றுமில்லை, என்றேன். தேயிலை வேர்தான்.
"ஒண்ணுமே இல்ல?"
ஒன்றுமே இல்லை.
"நல்ல ஊரு," என்றாள்,
அட்வான்ஸ் வாங்கினவள்போல் முகம்.

தேவாலாப் பக்கம் தங்கம் தேடி
வெள்ளைக்காரன் குடைந்து போட்ட குழிகளைப் பற்றி
நான் வாய் திறக்கவில்லை.

மணி அடித்தது.
அவள் பையைத் தராசில் மாட்டினேன். முப்பத்தொன்பது.
வழக்கம்போல்
ஈரத்துக்கு மூன்று கிலோ கழித்து எழுதினேன்.